வெற்றாசனமும் வாக்குரிமையும்: 1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரமும் யாழ்ப்பாணத் தீவகமும்

1931ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி, இலங்கை அரசாங்க சபைக்கான முதலாவது தேர்தலின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டபோது, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்தானும் மனுத் தாக்கல் செய்யவில்லை. சபையின் 50 தொகுதிவாரி ஆசனங்களுள் 46 ஆசனங்களுக்கு மட்டுமே ஆட்கள் முன்வந்தனர். ஏனைய நான்கும் வெறுமையாய் விடப்பட்டன. ஏகாதிபத்திய அரசு தானாக வழங்கிய ஓர் அரசியல் திட்டத்தை, "இது சுயராச்சியமன்று" என்று கூறி ஒரு பிரதேசம் முழுவதுமாக மறுத்தமைக்கு இலங்கை வரலாற்றில் இதற்கு முன்னர் உதாரணமில்லை.

இந்நிகழ்ச்சி குறித்து இருவகைப்பட்ட கருத்துக்கள் நீண்ட காலமாக நிலவி வந்துள்ளன. யாழ்ப்பாணத்து இளைஞரின் ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வு அதன் உச்சத்தை அடைந்த தருணமாக இதனைக் கொள்வோர் ஒருசாரார். நடைமுறை அறியாத கனவு வாதிகள் செய்த பிழையெனவும், தமிழரின் அரசியற் பேரத்தை அது பலவீனப்படுத்திற்றெனவும் கூறுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துக்களும் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும், இரண்டுக்கும் பொதுவானதொரு குறை உண்டு. இரண்டுமே மேடையிலிருந்து சபையை நோக்குவன. கடற்கரையிலிருந்து மேடையை நோக்குவனவல்ல. வெற்றாசனங்களுள் ஒன்று ஊர்காவற்றுறை ஆசனம். அதனுள் அடங்கிய வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலாய தீவுகளின் தோணிக்காரரும் சீவற்றொழிலாளரும் குத்தகை விவசாயியும் அன்றுதான் முதன்முறையாக வாக்குரிமை பெற்றிருந்தனர். அவர்களது நிலையில் நின்று நோக்கும்போது இப்பகிஷ்காரம் எவ்வாறு தோன்றும் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

அதற்கு முன், சொற்பொருள் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியம். 'குடியேற்றநாடு' என்னும் சொல்லை நாம் இரு வேறு நிலைமைகளுக்கு ஒருங்கே பயன்படுத்துகிறோம். வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்களில் 1765ஆம் ஆண்டு முத்திரை வரி முதலாக 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனம் வரை வளர்ந்த பிணக்கு, குடியேறிய பிரித்தானியருக்கும் அவர்தம் தாய்நாட்டரசுக்கும் இடையிலானது. எமது நாட்டில் அதற்கு நேரொத்த பிணக்கைத் தேடுவோமாயின், அது தோட்டத் துரைமாரிடமே காணப்படும். இராணுவச் செலவினை இலங்கையின் வருமானத்தின் மேற் சுமத்தியதை எதிர்த்து, 1864இல் ஜோர்ஜ் வோல், சார்ள்ஸ் லோரென்ஸ் உட்பட்ட உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் சட்டநிரூபண சபையினின்றும் கூண்டோடு விலகினர். மறு ஆண்டு 'இலங்கை லீக்' என்னும் சங்கத்தையும் நிறுவினர். கோப்பி முதலாளிகள் தம் பணப்பையைக் காக்க நிகழ்த்திய அப்போராட்டத்திற்கூட, 'பிரதிநிதித்துவம்' என்ற சொல் தாராளமாகவே வழங்கிற்று. தோட்டத்துக் கூலியாளுக்கு அச்சொல்லில் இடமிருக்கவில்லை. அமெரிக்கப் பிரகடனத்தை வரைந்த ஜெபர்சனின் பண்ணையில் உழைத்த அடிமைகளுக்கு இடமில்லாதிருந்தது போலவே. பேரரசுடன் முரண்படுவோர் தமக்குக் கீழுள்ளோருடன் எத்தகைய உறவு கொண்டுள்ளனர் என்ற வினாவை, உலகெங்கணும், விடுதலை இயக்கங்களின் முதற் பக்கத்திலேயே எழுப்பியாக வேண்டியுள்ளது.

தீவகத்தின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு களம். தமிழியல் மாணவர் பலருக்கு இத்தீவுகள் தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொனாகவோ, மு. தளையசிங்கத்தின் புங்குடுதீவாகவோதான் அறிமுகம். ஆயின், எழுத்திலே கிடைக்கும் இப்பகுதியின் பழைய சான்று இலக்கியமன்று, ஒரு வருவாய்ச் சட்டம். நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசி வணிகரைப் பாதுகாக்க வேண்டுமெனப் பணிக்கின்றது. உடன்தானே, யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நான்கிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், வாணிபச் சரக்குக் கொணரும் கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கு என்றும் விதிக்கின்றது. சிங்கள மன்னனொருவன் தமிழில் ஆணை பொறித்தமை பற்றி எமது மேடைகளிற் பெருமிதத்துடன் பேசப்படுவதுண்டு. உடைந்த கலத்திலும் அரசுக்குப் பங்குண்டு என்ற செய்தி அத்துணை பேசப்படுவதில்லை.

துறையை உடையவன் மாறினானேயன்றி, பங்கு கோரும் வழக்கம் மாறவில்லை. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கய்ற்ஸ்' என்னும் பெயர், யானை ஏற்றும் துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் எச்சம். வன்னியிற் பிடிபட்ட யானைகள் இங்கிருந்தே கடல் கடந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, தீவுகளுக்குத் தன் நகரங்களின் பெயரையே சூட்டிற்று: நெடுந்தீவு 'டெல்வ்ற்' ஆயிற்று, வேலணை 'லெய்டன்' ஆயிற்று, காரைதீவு 'அம்ஸ்ரடாம்' ஆயிற்று. வணிகப் பங்குதாரரின் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய இத்தீவுகளின் மக்கள், கம்பனியின் கணக்கில் உழைப்பு அலகுகளாகவே இடம்பெற்றனர். சாயவேர் கிண்டுவோர் தாம் கிண்டிய வேரைக் கம்பனி குறித்த விலைக்குக் கம்பனிக்கே ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். வேறெவருக்கும் விற்றல் குற்றம். சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் செந்நிறமூட்டிய அவ்வேர், தீவகக் கரையின் மணலைக் கைகளாற் கிண்டி எடுக்கப்பட்டது. இவற்றுக்கு மேலாக ஊழியம் என்னும் கட்டாய உழைப்பு இருந்தது. அது சாதி வாரியாக விதிக்கப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. தோம்பு எழுதியும், 1707இல் தேசவழமையைத் தொகுத்தும் ஒல்லாந்தர் செய்த நிர்வாகப் பணி, நிலவுடைமையாளரின் வழக்காறுகளை எழுதப்பட்ட சட்டமாக உறுதிப்படுத்திற்று. அத்தொகுப்பில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள்ளன. ஆகவே, பேரரசு மேலிருந்து அழுத்திய ஒரு பாரம் மட்டுமன்று. உள்ளூர் அதிகாரத்தினூடாகவே அது கிராமத்துள் இறங்கிற்று. உள்ளூர் அதிகாரமும் அதனாலேயே வலுப்பெற்றது.

1796இல் வந்த ஆங்கிலேயராட்சியில் இவ்வமைப்புச் சட்டத்தளவிற் குலைந்தது. கட்டாய ஊழியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. அடிமைமுறை 1844இற் சட்டப்படி முடிவுற்றது. ஆயின் நிலம் கைமாறவில்லை. நேற்றைய அடிமை, அதே காணியின் பனையிற் சீவுபவனாக, அதே வளவின் ஓரத்தில், உடையவன் விரும்பும்வரை குடியிருப்பவனாகவே தொடர்ந்தான். கிணறும் கோவிலும் அவனுக்கு மூடப்பட்டிருந்தன. முருகைக்கல் நிலமாகிய தீவுகளில் நன்னீர்க் கிணறு என்பது வெறும் வசதியன்று, வாழ்வாதாரம். கிணற்றை உடையவனே ஊரை உடையவன் என்று கூறினும் மிகையாகாது.

இக்காலத்திலேயே தீவகத்தின் பொருளாதாரம் மற்றொரு மாற்றத்துக்கும் உள்ளாயிற்று. நாகபட்டினத்துக்கும் பாம்பனுக்கும் அப்பாலும் பாய்விரித்து ஓடிய தோணி வணிகம், நீராவிக் கப்பலின் போட்டியினாலும், கொழும்பை மையமாகக் கொண்ட ஏற்றுமதி அமைப்பினாலும் நலிந்தது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமான புகையிரதப் பாதை 1905இற் பூர்த்தியானதும் குடாநாட்டின் வாணிப முகம் கடலைவிட்டுத் தெற்கு நோக்கித் திரும்பிற்று. ஊர்காவற்றுறையின் முக்கியத்துவம் குன்ற, புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் சைவ உணவுக்கடையும் வைத்தனர். இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. அரசாங்க உத்தியோகத்தை நம்பிய குடாநாட்டு நடுத்தர வர்க்கத்திலும் பார்க்க, தீவகத்தின் கடைமுதலாளி சிங்கள மக்களோடு அன்றாடப் புழக்கம் மிகுந்தவன். இலங்கை முழுவதையும் ஒரு சந்தையாகக் கண்டவன். இலங்கைத் தேசியம் என்ற எண்ணத்துக்கு அவனிடத்திற் பொருளாயத அடிப்படை ஒன்றிருந்தது. ஆயினும் அவ்வெண்ணத்தை மொழிவடிவிற் தந்தவன் அவனல்லன், ஆசிரியனே.

அவ்வாசிரிய வர்க்கம் உருவான கதை சுவையானது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட அமெரிக்க மிஷனரிமார், தம் பாட்டன்மார் பிரித்தானிய முடியை எதிர்த்து வென்ற நாட்டினின்றும் வந்தவர்கள். குடியேற்ற அரசு அவர்களைச் சந்தேகக் கண்கொண்டே நோக்கிற்று. 1820இல் அச்சுத்தொழில் வல்லுநராக வந்த ஜேம்ஸ் கறற் என்பவரை ஆளுநர் பாண்ஸ் நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார் என்பது அச்சுக்கலை வரலாறு கற்போர் அறிந்ததே. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியும், அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவப் பாடசாலைகளும் ஒருங்கு சேர்ந்து, ஆங்கிலமும் தமிழும் வல்ல ஒரு குழாத்தை உருவாக்கின. இலங்கைச் சேவையிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராகச் சென்றோர் போக, எஞ்சியோர் கற்பித்தனர். அரசின் சம்பளப் பட்டியலிலிருந்து ஓரளவு விலகி நின்றமையாற் சுதந்திரமாகச் சிந்திக்கும் வாய்ப்பு இவ்வாசிரியருக்கு இருந்தது. 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரான ஹண்டி பேரின்பநாயகத்தின் முயற்சியால் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம், இக்குழாத்தின் குழந்தையே.

வாலிபர் காங்கிரஸை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பூரண சுயராச்சியம், சுதேசியம், தாய்மொழிக் கல்வி, மதச்சார்பின்மை, சிங்கள மக்களோடு ஒற்றுமை, சாதி வேற்றுமை ஒழிப்பு ஆகியன அதன் கொள்கைகள். இலங்கைத் தேசிய காங்கிரஸின் கனவான்கள் ஆசனங்களின் எண்ணிக்கை குறித்து மனு எழுதிக்கொண்டிருந்த வேளையில், அந்நியராட்சியின் நீக்கத்தை நேராகக் கோரியவர்கள் இவ்விளைஞர். இவர்களது அழைப்பின்பேரில் 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அதே நவம்பரில் டொனமூர் ஆணைக்குழுவினர் கொழும்பில் வந்திறங்கினர். தற்செயலான ஒருமைதான், எனினும் பின்னர் நிகழ்ந்த மோதலின் இரு துருவங்களும் ஒரே திங்களில் இந்நாட்டின் மண்ணை மிதித்தன. பாடசாலைகளிற் சகல மாணவரும் ஒரே வரிசை ஆசனத்தில் அமர வேண்டும் என்ற சமாசன இயக்கத்தையும், சமபந்தி போசனத்தையும் வாலிபர் காங்கிரஸார் ஆதரித்தனர். காங்கிரஸ் ஆண்டு மாநாட்டுப் பந்தியில் எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்ட செயல் அக்காலத்தில் ஒரு கலகம். 1930ஐ அண்டிய ஆண்டுகளிற் சமாசனம் அனுமதித்த பாடசாலைகள் சில தீவைத்துக் கொளுத்தப்பட்டன. தீவைத்தவர் ஏகாதிபத்தியவாதிகளல்லர்.

1928இல் வெளியான டொனமூர் அறிக்கையைப் பற்றி எமது நூல்களிற் பல பக்கங்கள் உள. இவ்விடத்து வேண்டுவன இரண்டே. முதலாவது, அது இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துத் தொகுதிவாரிப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்திற்று. இரண்டாவது, சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினரே பெற்றிருந்த வாக்குரிமையை, 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் விரிவாக்க வழிசெய்தது. படிப்பும் சொத்தும் வருமானமும் கேட்ட பழைய விதிகள் நீங்கின. ஆயின் ஆளுநரின் விசேட அதிகாரங்களும், நிதி, சட்டம், பாதுகாப்பு முதலியவற்றைக் கையில் வைத்திருந்த மூன்று அரச அதிகாரிகளும் நீங்கவில்லை. வாலிபர் காங்கிரஸ் எதிர்த்தது இப்பிற்கூறியவற்றை. வேறு சிலர் எதிர்த்ததோ முற்கூறிய இரண்டையும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அறிக்கையை வன்மையாக எதிர்த்தார். அவரது எதிர்ப்பில் இனவாரி ஆசனங்களின் இழப்பும், வாக்குரிமை படியாத கீழ்மட்ட மக்களைச் சென்றடைவதும் ஒருசேர இடம்பெற்றன. 1929 டிசெம்பரிற் சட்டநிரூபண சபையில் இவ்வறிக்கை 19க்கு 17 என்னும் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது. இராமநாதன் மறு ஆண்டு காலமானார். அவரது அச்சம் அவரோடு காலமாகவில்லை.

இப்பின்னணியிலேயே 1931 ஏப்ரலில் வாலிபர் காங்கிரஸின் ஆண்டு மாநாடு கூடிற்று. தலைமை தாங்கியவர் இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்யாய. உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்து ஓராண்டே கழிந்திருந்தது. இந்தியச் சிறைகள் நிரம்பி வழிந்த செய்தியைப் பத்திரிகைகள் தினமும் கொணர்ந்தன. 1930இற் சுன்னாகத்தில் நா. பொன்னையா தொடங்கிய 'ஈழகேசரி' போன்ற ஏடுகளின் வாசகர்கள், யாழ்ப்பாணத்தை இந்தியப் போராட்டத்தின் ஒரு கிளைக்களமாகவே கற்பனை செய்தனர் எனலாம். சுயராச்சியமே இலக்கு எனவும், டொனமூர்த் திட்டத்தைப் பகிஷ்கரிப்பதெனவும் தீர்மானம் நிறைவேறிற்று. சில கிழமைகளுக்குள், தேர்தலிற் குதிக்க ஆயத்தமாயிருந்த அரசியல்வாதிகளும் பின்வாங்கினர். மே 4ஆந் திகதி ஆசனங்கள் வெறிதாயின. இலண்டனிலிருந்த பிலிப் குணவர்தனா இச்செயலை மெச்சி எழுதினார். ஏனைய பிரதேசங்களும் யாழ்ப்பாணத்தைப் பின்பற்றும் என வாலிபர் எதிர்பார்த்தனர். தென்னிலங்கை பின்பற்றவில்லை, மன்னாரும் மட்டக்களப்பும்கூடப் பின்பற்றவில்லை.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பழுத்த அரசியல்வாதிகள், பள்ளிக்கூட ஆசிரியரின் வேண்டுகோளுக்காகச் சட்டென ஆசனத்தைத் துறப்பது வழக்கமன்று. பகிஷ்காரத்தில் இரு நீரோட்டங்கள் ஒரே வாய்க்காலில் விழுந்தன என்பதே எமது துணிபு. ஒன்று, 'இத்திட்டம் போதாது' என்ற இளைஞரின் நீரோட்டம். மற்றையது, 'இத்திட்டம் அளவுக்கு மீறிற்று' என்ற உடைமையாளரின் நீரோட்டம். இரண்டும் ஒரே செயலையே வேண்டின. ஆகவே ஒற்றுமை எளிதாயிற்று. சுயராச்சியம் என்ற சொல் முன்னவருக்கு ஆங்கிலேயரின்றி ஆளுதல். பின்னவருக்கு, சீவற்காரனின் வாக்கை இரந்து நில்லாத ஒரு நிலைக்கு மீளுதல். உடைமையாளர் அனைவரும் இதனை உணர்ந்து திட்டமிட்டனர் என நாம் கூறவில்லை. வர்க்க நலன் பெரும்பாலும் தன்னை உணராமலே தொழிற்படும். உணர்ச்சி மிக்க சுலோகங்களினுள் அது வசதியாகவே குடியிருக்கும்.

இவற்றிடையே வாக்குரிமை பெற்றவனின் நிலை யாது? நெடுந்தீவிலே கல்வேலிகளுக்கிடையே பிறர் காணியிற் பாடுபட்ட ஒருவனை, அல்லது புங்குடுதீவிற் பனையேறிய ஒருவனை எண்ணிக்கொள்வோம். அவனது பாட்டனின் தலைமுறை சட்டப்படி அடிமையாயிருந்தது. 1931இல் அவனது வாக்கும் அவனது மனைவியின் வாக்கும், காணியுடையவனின் வாக்கும் எண்ணிக்கையில் ஒன்றாயின. கிணற்றிலோ கோவிலிலோ பாடசாலை வாங்கிலோ இல்லாத சமத்துவம், ஒரு காகிதத் துண்டில் மட்டும் கிட்டிற்று. அதனை அவனுக்கு வழங்கியது அந்நியப் பேரரசு என்பது வரலாற்றின் கசப்பான முரண்நகை. பேரரசு தன் நலன் கருதியே வழங்கியது என்பதும் உண்மையே. எனினும் பெற்றவனுக்கு அது கையிற் கிடைத்த முதற் கருவி. அக்கருவியைப் பிடிக்குமுன்பே, அவனது விடுதலையின் பெயரால், அவனது தொகுதி தேர்தலினின்றும் நீக்கப்பட்டது. அவனைக் கேட்டுத் தீர்மானம் எடுக்கப்படவில்லை. மாநாட்டுப் பந்தலில் அவனுக்குச் சமபந்தியில் இடம் தர முன்வந்த இளைஞர்கள்கூட, வாக்கைத் துறப்பதா என்ற வினாவை அவனிடம் எடுத்துச் செல்லவில்லை. வாலிபர் காங்கிரஸின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. அதன் குறை நேர்மையின்மையன்று. தான் பேசுவது எவருக்காகவோ அவரிடத்தே வேர்கொள்ளாமையே. காந்தியக் கதரை அது கிராமத்துக்குக் கொண்டு சென்றது. ஆனால் காணி, குத்தகை, கூலி பற்றிய வேலைத்திட்டம் எதனையும் கொண்டு செல்லவில்லை. ஆகவே உடைமையாளர் கைவிட்ட நாளில் அதன் பின்னே நிற்க ஒரு வர்க்கம் இருக்கவில்லை.

அவர்கள் கைவிட நெடுநாள் செல்லவில்லை. சபை இயங்கத் தொடங்கியதும், பதவியும் வரவுசெலவும் பிறர் கைக்குப் போவதைக் கண்டோர், இடைத்தேர்தல் நடத்துமாறு அரசை வேண்டலாயினர். எதிர்க்கப்பட்ட அதே பேரரசினிடமே மனுக்கள் சென்றன. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. யாழ்ப்பாணத்துக்கு அ. மகாதேவாவும், காங்கேசன்துறைக்குச் சு. நடேசனும், பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலமும், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வத்துரையும் சபை புகுந்தனர். பொன்னம்பலம் 1931இலேயே பகிஷ்காரத்துக்குக் கட்டுப்படாது மன்னார்-முல்லைத்தீவுத் தொகுதியிற் போட்டியிட்டுத் தோற்றவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர்காவற்றுறையின் பிரதிநிதியாக வந்தவர் வேலணையிற் பிறந்த வைத்திலிங்கம் துரைசுவாமி. அவர் அச்சபையின் சபாநாயகரானார். சேர் பட்டமும் பெற்றார். சபை கலையும்வரை, 1947 வரை, அவ்வாசனத்தில் அமர்ந்திருந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் எத்தொகுதி இச்சபையைத் தீண்டத்தகாததென விலக்கிற்றோ, அத்தொகுதியே அதன் தலைமைக் கதிரைக்கு ஆள் வழங்கிற்று. தனிமனிதரின் மனமாற்றம் என இதனை விளக்குதல் பொருந்தாது. பேரரசுடனான முரண்பாடு அவ்வர்க்கத்தைப் பொறுத்தவரை பகைமை முரண்பாடன்று; பங்கு பற்றிய பிணக்கு. நயினாதீவுக் கல்வெட்டின் மொழியிற் சொல்வதானால், உடைந்த கலத்தில் எவருக்கு எத்தனை பங்கு என்பதே வழக்கு.

இடையே ஒரு திருத்தம். பகிஷ்காரத்தினாலேயே முதலாவது மந்திரிசபையில் தமிழர் எவரும் இடம்பெறவில்லை எனச் சிலர் எழுதிவிடுவர். தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியாயிருந்தவர் அட்டன் தொகுதியின் பெரி சுந்தரம். அவர் மலையகத் தமிழர். 'தமிழர் எவருமில்லை' என்னும் கூற்று எவரைத் தமிழராகக் கொள்ளவில்லை என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 1936இல் ஏழு மந்திரிகளும் சிங்களவராயமைந்தபோது எழுந்த நியாயமான கண்டனமும், 1930களின் இறுதியிலிருந்து பொன்னம்பலம் முன்வைத்த ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையும், இதே எல்லைக்குட்பட்ட பார்வையையே பெரிதும் கொண்டிருந்தன. சிங்கள ஆளும் வர்க்கத்தின் பேரினவாதம் இக்கோரிக்கைகளுக்குப் போதிய காரணம் கொடுத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், 'சமூகத்துக்கு ஆசனம்' எனக் கேட்டோர், சமூகத்தினுள்ளே எவருக்கு ஆசனம் என்ற வினாவைத் தவிர்த்தனர். அவ்வினாவை எழுப்பவே 1940களிற் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தோன்றவேண்டியிருந்தது.

எம்மவர் பற்றியும் சில கூற வேண்டும். இலங்கையின் இடதுசாரி இயக்கம் 1935இற் கட்சியுருவம் பெற்றபோது, வாலிபர் காங்கிரஸின் ஏகாதிபத்திய எதிர்ப்பு மரபைத் தன் முன்னோடிகளுள் ஒன்றாக உரிமை பாராட்டிற்று. உரிமை பாராட்டுதல் எளிது. அதன் தோல்வியைக் கற்றல் கடினம். மார்க்சிய ஆய்வாளராகிய நாம் பகிஷ்காரத்தை நெடுங்காலம் 'முற்போக்கு' என்ற ஒரு சொல்லால் அளந்து அப்பாற் சென்றோம். வர்க்கம் பற்றி எழுதிய எமது கட்டுரைகளிற் சாதி 'மேற்கட்டுமானத்தின் எச்சம்' என்று அடிக்குறிப்பிலே தங்கிற்று. சுன்னாகத்தில் 1966 ஒக்ரோபரிற் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே அடிக்குறிப்பை மேலே கொணர்ந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' இவ்வனுபவத்திலிருந்தே எழுந்தது.

ஊர்காவற்றுறைத் தொகுதியைப் பொறுத்தவரை, 1931இற் கேட்கப்படாது விடப்பட்ட வினா சரியாக 40 ஆண்டுகளின் பின் கிணற்றடியிற் கேட்கப்பட்டது. புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோவிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் மேற்கொண்டார். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யை எழுதி எமது முகாமைச் சேர்ந்த விமர்சகரைக் கடுமையாகத் தாக்கியவர் அவர். ஆன்மிகவாதி என நாம் அவரை ஒதுக்கியதும் உண்டு. அன்று கிணற்றடிக்குச் சென்றவர் அவர்தான். ஆங்கிலேயர் போய் 23 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவரையும் அவருடன் சென்றோரையும் தாக்கிய பொலிசார் சுதந்திர இலங்கையின் பொலிசார். கிணற்றைக் காத்தோர் உள்ளூர் உடைமையாளர். தளையசிங்கம் 1973இல், 38 வயது நிரம்புமுன்னரே, காலமானார்.